அத்தான் கையில் கொடுத்த சீட்டுகள்

சூதாட்ட விடுதி என்று சட்டம் எதைச் சொல்கிறது என்பதைச் சட்டக் கல்லூரியில் படித்தேன். வீடோ, அறையோ, கூடாரமோ, எதுவாக இருந்தாலும் சரி. அதை வைத்திருப்பவனுக்கு அங்கே நடக்கும் ஆட்டத்தினால் ஆதாயம் உண்டென்றால் அது சூதாட்ட விடுதி. போலீஸ் வாரண்டோடு நுழைகிறபோது அங்கே சீட்டுக்கட்டு கிடந்தால், ஆட்டம் நடந்தது என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். உள்ளே இருந்தவர்கள் ஆடத்தான் வந்தார்கள் என்றும் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று சொல்பவன்தான் அதை நிரூபிக்க வேண்டும். மற்ற குற்றங்களில் அந்தப் பாரம் போலீசின் தலையில் இருக்கும். இதில் மட்டும் மாட்டிக்கொண்டவன் தலையில். படித்த காலத்தில் எனக்கு அது நியாயமாகவே பட்டது. சீட்டாடும் இடத்துக்கு ஒருவன் வேறு எதற்காகப் போவான் என்று நினைத்தேன்.

என் அத்தான் வேறு காரியமாகப் போனார். என்னைக் கூப்பிடப் போனார்.

ஐம்பதுகளின் பின்பாதி அது. நான் தென்காசியில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். வீடு மேலகரத்தில். கல்யாணமான பிறகு அக்காவும் உள்ளூரிலேயே இருந்தாள். அத்தானுக்குச் சொந்த ஊர் சுந்தரபாண்டியபுரம். மானியம் பெறும் ஒரு ஆரம்பப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்ததால் எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தார். ஒல்லியான மனிதர். மழையிலும் வெயிலிலும் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சைக்கிள் விடுவார். 'குடைச் சார்வாள்' என்று பிள்ளைகள் சொல்வது அவருக்குத் தெரியும். அக்காவுக்கு அந்த 'சார்வாள்' என்ற சொல்லில் அப்படி ஒரு பெருமை. கடைக்குப் போனால், 'சார்வாள் வீட்டம்மா வந்திருக்காவ, முதல்ல அவுகளைக் கவனி' என்று சொல்வார்களாம். அதை அம்மாவிடம் வந்து சொல்லிச் சொல்லி மகிழ்வாள்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் ரோட்டில் ஒரு பழைய பங்களாவைச் சீசனுக்கு வாடகைக்கு எடுத்து ஒரு கிளப் நடத்தினார்கள். முறையாகப் பதிவு செய்த கிளப். முன்கூடத்தில் நாளிதழ்கள் கிடக்கும். பச்சைத் துணி கிழிந்த பில்லியர்ட்ஸ் மேசை ஒன்று கிடக்கும்; அதில் யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. ஆட்டமெல்லாம் உள் அறையில். ஒரு மேசையில் மூணு சீட்டு, இரண்டு மேசைகளில் பதின்மூன்று சீட்டு ரம்மி. ஒவ்வொரு ஆட்டத்திலும் கிளப்புக்கு ஒரு பங்கு போகும். ஆதாயம் என்று சட்டம் சொல்வது அதைத்தான். அது தெரிந்தேதான் நான் அங்கே போய் உட்கார்ந்தேன். எனக்கு ரம்மி பிடித்திருந்தது. சாரல் அடிக்கிற மத்தியானங்களில் அந்த அறையில் சிகரெட்டுப் புகைக்கு நடுவே உட்கார்ந்து, அடுத்த சீட்டு எது என்று காத்திருப்பதைப் போல ஒன்று வேறு எதிலும் எனக்கு அப்போது இல்லை. கோர்ட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போவேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. அத்தானுக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஐந்தருவிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது என் சைக்கிளை அந்தப் பங்களா வாசலில் பார்த்திருக்கிறார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முறை மட்டும், "சைக்கிளைப் பின்னால கொண்டு விடு மாப்ளே, ரோட்டுல போறவன் கண்ணுல படுது" என்றார்.

கிளப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. போலீஸ் வரப்போகிறது என்றால் பெரும்பாலும் முன்கூட்டியே சொல் வந்துவிடும். பெரிய மனிதர்கள் எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் நாற்காலிகளில் வேறு ஆட்கள் உட்காருவார்கள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், வெற்றிலைக் கடைக்காரர், சீசன் முடிந்தால் வேலையில்லாத சமையல்காரர் என்று நாலைந்து பேர். 'பேர் கொடுக்கிறவங்க' என்று அவர்களைச் சொல்வோம். அவர்கள் பேரைப் போலீஸ் எழுதிக்கொள்ளும். பிறகு ஒரு நாள் கோர்ட்டில் வரிசையாக நிற்பார்கள். எங்கள் சீனியரோ நானோ எழுந்து, எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள் என்று ஒரே வாக்கியம் சொல்வோம். மாஜிஸ்திரேட் தலை நிமிராமல் அபராதம் எழுதுவார். கிளப் கட்டிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை என்பதாக ஒரு எண்ணம். ஆடாதவன் ஒருவன் ஆடினேன் என்று கோர்ட்டில் சொல்வதை நான் அதுவரை எத்தனையோ தடவை நின்று நடத்திவைத்திருந்தேன். அது எனக்கு உறுத்தவே இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருடம் ஆனிக் கடைசியில், எனக்குச் செங்கோட்டையில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க ஒரு நாள் வருவதாக ஏற்பாடு. சாயங்காலம் வருவார்கள் என்று சொல்லியிருந்தது. நான் மத்தியானமே போய் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கிளப்புக்குப் போய்விட்டேன். அவர்களோ நல்ல நேரம் பார்த்து முன்னதாகவே வந்துவிட்டார்கள். அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. அத்தான் அந்த விசேஷத்துக்காக அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "கோர்ட்டுல ஏதோ கேஸ் நீளுது போல. நான் போய்க் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். எல்லாரும் தென்காசிக்குப் போகிறார் என்று நினைத்தார்கள். அவர் குற்றாலத்துக்கு வந்தார்.

உள் அறைக்குள் அவர் குடையை மடக்கிக்கொண்டு நுழைந்தது இப்போதும் எனக்குத் தெளிவாக இருக்கிறது. வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைத் தேடினார். என் பக்கத்தில் வந்து குனிந்து, "மாப்ளே, செங்கோட்டைக்காரங்க வந்து உக்காந்திருக்காவ. எந்திரி" என்றார்.

"அதுக்குள்ளயா?"

"வந்துட்டாவ. உங்க அம்மா காப்பி மேல காப்பியாக் கொடுத்துச் சமாளிச்சிட்டிருக்காவ. இனி ஒரு காப்பி கொடுத்தா அவங்களே எந்திரிச்சுப் போயிருவாவ."

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எதிரில் இருந்தவர், "மாப்பிள்ளை பாக்க வந்தவங்களை இங்கன கூட்டிட்டு வந்திருங்க சார்வாள். மாப்பிள்ளை கைராசியையும் பாத்துக்கிடட்டும்" என்றார்.

எனக்கு அன்று நல்ல சீட்டு விழுந்திருந்தது. ஒரே ஒரு சீட்டு வந்தால் ஆட்டம் முடியும். எழுந்து போயிருக்கலாம். நான் செய்தது வேறு. கையிலிருந்த சீட்டுகளை அத்தான் கையில் திணித்து, "இதைக் கொஞ்சம் பிடிங்க அத்தான். முகத்தைக் கழுவி, தலையைச் சீவிட்டு வந்திருதேன். என் முறை வந்தா ஒன்னும் போடாண்டாம், நான் வந்து போட்டுக்கிடுதேன்" என்றேன்.

"எனக்கு ராசாவும் தெரியாது, ராணியும் தெரியாது. சட்டுனு வா" என்று அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். சீட்டுகளை விரித்துப் பிடிக்கக்கூடத் தெரியாமல், பள்ளிக்கூடத்தில் சிலேட்டைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பங்களாவின் பின்னால் கிணறு. நான் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தபோது முன்பக்கம் பூட்ஸ் சத்தம் கேட்டது. அன்று சொல் வரவில்லை. வெளியூரிலிருந்து புதிதாக வந்த அதிகாரி உள்ளூர் ஸ்டேஷனுக்கே சொல்லாமல் வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. ஜன்னல் வழியாக அறை முழுவதும் தெரிந்தது. எல்லாரும் சீட்டுகளை மேசையில் போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். அத்தான் மட்டும் போடவில்லை. நான் பிடித்துக்கொள்ளச் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். கான்ஸ்டபிள் வந்து அவர் கையிலிருந்து அவற்றை வாங்கினான்.

அவர் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் தோப்பு வழியாக இறங்கி நடந்தேன். சைக்கிளை எடுக்கவில்லை. ரோட்டில் ஏறி, பஸ் பிடித்து, மேலகரத்தில் இறங்கி, ஈரத் தலையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். சாரல் பெய்ததால் ஈரத்தை யாரும் கேட்கவில்லை. செங்கோட்டைப் பெரியவருக்கு வணக்கம் சொன்னேன். கோர்ட்டில் தாமதமாகிவிட்டது என்றேன்.

அக்கா அடுக்களை வாசலிலிருந்து, "அவுக எங்கலே? உன்னைக் கூப்பிடத்தான போனாவ" என்றாள்.

"அத்தானா? நான் பாக்கலையேக்கா" என்றேன்.

இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டு வந்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

அத்தானை ஸ்டேஷனில் ஜாமீனில் விட்டார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் வந்தார். பெண் வீட்டார் திருப்தியோடு போயிருந்தார்கள். ஊருக்குள் செய்தி அவருக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. அந்த மேசையில் இருந்தவர்கள் என் பேரை எடுக்கவில்லை; அவர்கள் கேஸை நடத்துகிறவன் நான். அக்கா வாசலிலேயே கேட்டாள்.

"கிளப்புல வச்சுப் பிடிச்சாங்கன்னு சொல்லுதாவ. நெசமா?"

"நெசந்தான்."

"அங்கன உங்களுக்கு என்ன வேலை?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பிறகு அவர், "சும்மா போனேன்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

நான் பின்னாலேயே போனேன். மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கேட்கவில்லை. அவர்தான் முதலில் பேசினார்.

"சம்பந்தம் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்ச மாதிரிதான் அத்தான்."

"நல்லது. கேசு வந்தா நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிரு. நான் ஆட வரலை, உன்னைக் கூப்பிட வந்தேன்னு. போதும்லா?"

போதும். அதைத் தவிர வேறு எதுவும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் கூண்டில் ஏறி, ஆடிக்கொண்டிருந்தவன் நான் என்று சொல்ல வேண்டும். பதிவு செய்து சில வருடமே ஆன வக்கீல். செங்கோட்டையில் பேசி முடித்த சம்பந்தம். நான் அவருக்குச் சட்டம் சொல்ல ஆரம்பித்தேன். கையில் சீட்டோடு பிடிபட்டவரைச் சட்டம் எப்படிப் பார்க்கும் என்று சொன்னேன். மறுத்தால் விசாரணை, சாட்சி, வாய்தா என்று இழுத்துக்கொண்டே போகும், கிளப்புக்கு வந்துபோகிற பெரியவர்கள் பேரெல்லாம் வெளியே வரும் என்றேன். மற்ற எல்லாரும் ஒப்புக்கொள்ளப் போகிறார்கள், சேர்ந்து ஒப்புக்கொண்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றேன்.

"ஸ்கூல்ல?" என்று கேட்டார்.

"சில்லறைக் கேஸ் அத்தான். ஸ்கூலுக்கெல்லாம் தெரியவே தெரியாது."

அது எனக்கு நிச்சயமாகத் தெரியாத விஷயம். தெரிந்ததைப் போலச் சொன்னேன். வக்கீல் சொல்கிறான் என்று அவர் நம்பினார்.

தென்காசி கோர்ட் வராந்தாவில் எல்லாரும் காத்திருந்தபோது, எண்ணெய் தேய்க்கிறவர் அத்தானுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அன்று கிளப்பில் சும்மா எட்டிப் பார்க்க வந்து மாட்டியவர். "சார்வாளுக்கு மொதத் தடவையா? பயப்படாதீய. கையைக் கட்டணும், தலையைக் குனியணும், 'ஆமா'ங்கணும். எனக்கு எத்தனாவதுன்னு எனக்கே மறந்துபோச்சு. எசமானுக்கும் மறந்திருக்கும். என் தலைதான் அவுகளுக்குத் தெரியும், மூஞ்சி தெரியாது."

அத்தான் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

கேஸைக் கூப்பிட்டார்கள். சீனியர் அன்று வரவில்லை, நான்தான் எழுந்தேன். பேர், தகப்பன் பேர், தொழில் என்று குமாஸ்தா வாசித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பேருக்கும் மாஜிஸ்திரேட் பேனாவை மட்டும் அசைத்தார். அத்தான் பேருக்குப் பிறகு 'ஆசிரியர்' என்று வந்தபோது தலை நிமிர்ந்தது.

"வாத்தியாரா நீர்?"

"ஆமாய்யா."

"வாத்தியாருக்குச் சீட்டாடுற இடத்துல என்னய்யா வேலை? உம்மகிட்ட தனியாக் கேக்குதேன். ஒப்புக்கிடுதீரா, இல்லை ஏதாவது சொல்லணுமா?"

வழக்கமில்லாத கேள்வி. அந்த மனிதர் ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அத்தான் என் பக்கம் திரும்பினார். நான் சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தார். நான் என் முன்னால் இருந்த மேசையைப் பார்த்தேன்.

"ஒப்புக்கிடுதேன்" என்றார் அத்தான்.

பள்ளிக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? நிர்வாகி கூப்பிட்டு, நீக்கினால் கேவலம், நீங்களாக விலகிக்கொள்ளுங்கள் என்றாராம். அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு சூதாடப் போன ஆசிரியர் என்று அவரைப் பற்றிச் சொன்னார்கள். எனக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தது. அத்தான் பந்தியில் நின்று பரிமாறினார். அந்த மாதமே அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சுந்தரபாண்டியபுரத்துக்குப் போய்விட்டார். அங்கே வெங்காய மூட்டைகள் வந்து இறங்கும் ஒரு உள்ளி கமிஷன் கடையில் எடை பார்க்கும் வேலை. உள்ளி வாசம் வேட்டியை விட்டுப் போகவில்லை என்று அக்கா சொல்வாள். அதைத் தவிர அவரைப் பற்றி அவள் அதிகம் சொல்ல மாட்டாள்.

அவரோடும் அவள் பேசவில்லை. சண்டையில்லை, சோறு போடுவாள், தேவையானதைப் பிள்ளைகள் மூலமாகச் சொல்வாள். நான் போகிற நாட்களில் அத்தான் அவளிடம் ஏதாவது கேட்பார். அவள் பதிலை என்னைப் பார்த்துச் சொல்வாள். "தம்பியைக் கூப்பிடப் போறேன்னு எங்க எல்லாரு முன்னாலயும் பொய் சொல்லிட்டுப் போனாவளே, அதைத்தாம்லே என்னால தாங்க முடியலை" என்று ஒரு முறை என்னிடமே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறுவேன். திரும்பும்போது அடுத்த தடவை என்று ஏறுவேன். அப்படி வருடங்கள் போயின. நான் சீட்டைத் தொடவில்லை. அதனால் யாருக்கு என்ன லாபம்.

அறுபதுகளின் கடைசியில், ரம்மி முழுக்க அதிர்ஷ்டத்தைச் சார்ந்த ஆட்டமல்ல, திறமையும் நினைவும் வேண்டிய ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு வந்தது. ஆபீசில் அதைப் படித்ததும் எனக்கு வேலை ஓடவில்லை. எதிர்த்து நின்றிருந்தால் வாதாட ஒரு வழி இருந்திருக்கும். நிச்சயம் ஜெயித்திருப்போம் என்று சொல்ல மாட்டேன். அதை எடுத்துக்கொண்டு நேராகச் சுந்தரபாண்டியபுரம் போனேன். கடையில் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"திறமை ஆட்டமாலே அது?" என்றார். "நான் பிடிச்சிருந்த பிடியைப் பாத்திருந்தா அந்த ஜட்ஜு அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு."

"நான் இன்னைக்கு அக்காட்ட எல்லாத்தையும் சொல்லிரப் போறேன் அத்தான்."

சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார்.

"வேண்டாம் மாப்ளே. இந்தத் தை பிறந்ததுலேர்ந்து அவ என்கூடப் பேசுதா. 'போனது போகட்டும், நானும் மறந்துட்டேன்'னு அவளாவே வந்து சொன்னா. நேத்து என் முதுகுக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டா. இப்பம் போயி நீ எதையாவது கிளப்பாத. சொல்லணும்னா அன்னைக்குச் சொல்லியிருக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் என்னிடம் அதைப் பற்றிக் குறையாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தும் பிழைக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் போன பிறகு, அக்கா அவருடைய வேட்டிகளைக் கொடுப்பதற்காக மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வேண்டாம் என்று சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனால் அவர் இல்லாத இடத்தில் அந்தப் பழியை இன்னும் அவர்மேல் வைத்திருக்க என்னால் முடியவில்லை. எதிரே உட்கார்ந்து சொன்னேன். கிளப், சீட்டு, கிணறு, பஸ், நான் சொன்ன பொய், கோர்ட், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீ சின்னப் பிள்ளையிலேயே இப்படித்தாம்லே. நான் குடத்தை உடைச்சாலும் அப்பா முன்னால போயி நாந்தான்னு நிப்ப. இப்பம் அவுகளுக்காக வந்து நிக்க."

"இல்லைக்கா. சத்தியமாச் சொல்லுதேன்."

"சத்தியம் எல்லாம் பண்ணாத. அவுக ஆடத்தான் போனாவ. அவுக வாயாலயே கோர்ட்டுல ஒத்துக்கிட்டாவ. நானும் மன்னிச்சாச்சு. அதுக்கு எனக்கு எத்தனை வருசம் ஆச்சுன்னு உனக்குத் தெரியாது."

"அக்கா, நான் சொல்லுறது..."

"நீ சொல்லுறது மாதிரின்னா," என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். மடித்த வேட்டியைத் திரும்பப் பிரித்தாள். அதன் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படின்னா நான் அவுகளை..." என்றாள். பிறகு அதை மறுபடி மடித்தாள். "எந்திரி. மத்தியானமும் நீ சரியாச் சாப்பிடலை. இலை போடுதேன்."

நான் வற்புறுத்தியிருக்கலாம். குறுக்கு விசாரணை என் தொழில்; அவளை நம்பவைக்க எனக்கு அதிக நேரம் ஆகியிருக்காது. நம்பிவிட்டால், அவரோடு பேசாமல் கழித்த அந்த வருடங்களை அவள் என்ன செய்வாள் என்று நினைத்தேன். எழுந்து போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். இதுவும் சரியா என்று எனக்குத் தெரியாது. எனக்கு வசதியாகவும் இருந்தது என்பது மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு அக்கா நெடுங்காலம் இருந்தாள். கல்யாண வீடுகளில், சடங்கு வீடுகளில், உறவுக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் அவள் இதைச் சொல்வாள். செத்துப்போன அத்தானின் பேரைக் காப்பாற்றுவதற்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள வந்த தம்பி என்று என்னைக் காட்டுவாள். பெரியவர்கள் என்னை வாத்சல்யத்தோடு பார்ப்பார்கள். முதலில் நான் மறுத்தேன். மறுக்க மறுக்க அவர்கள் அதையும் என் நல்ல குணத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு மறுப்பதை விட்டுவிட்டேன். போன வருடம் அக்காவும் போய்விட்டாள். அத்தானின் பிள்ளைகள் இன்றும் தங்கள் அப்பா சீட்டாடிப் பிடிபட்டதால் வேலை போனது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். அவர் ஆடவில்லை.